அவங்க கைப்பக்குவம்

எண்ணெய், வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன நாளிலிருந்து தையல்காரி தன் சமையலில் ருசியையும் சேர்த்தே நிறுத்திவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கு வேறு விதமாகச் சமைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். காய்கறியை வேகவைத்தாள். கோழியை வேகவைத்தாள். காளானையும் வேகவைத்து, மேலே கொஞ்சம் உப்பைத் தூவி, புருஷன் முன்னால் வைத்தாள்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில், இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பிரேக் வாத்தியார் என்றால்தான் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்தே இருந்ததில் உடம்பு பெருத்து, ரத்தத்தில் சர்க்கரையும் ஏறி, கொழுப்பும் ஏறியிருந்தது. இப்படியே போனால் இதயத்தில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் பயமுறுத்தியதில் மனிதர் நிஜமாகவே பயந்துபோனார். பெண்டாட்டி போட்டதை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

அவர் அப்படிப் பேசாமல் இருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் இன்னும் கொஞ்சம் போடு என்பார். உப்பு தூக்கல் என்று சண்டையாவது பிடிப்பார். இப்போது மருந்து குடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆனால் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசினார். டிரைவிங் ஸ்கூலை ஒட்டி ஒரு ஹோட்டல் இருந்தது. வாசலில் பச்சை நிறத்தில் பலகை: ‘லேசான சாப்பாடு. எண்ணெய் இல்லை.’ டாக்டர் சொன்ன மறுநாளிலிருந்து அங்கேதான் சாப்பிட்டார்.

“காளான் சூப்பு ஒண்ணு தர்றாங்க பாரு, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. ஆனா வாயில வெச்சா அப்படியே கரையுது. அவங்க கைப்பக்குவம் அப்படி.”

இன்னொரு நாள், “வெறும் பச்சைக் காய்தான். மேல என்னமோ ஊத்தித் தர்றாங்க, நாள் பூரா நாக்குல நிக்குது. அவங்க கைக்கு வளையலே போடலாம்.”

அவங்க. அந்த ஒரு சொல் தையல்காரியின் மனத்தில் ஊசி மாதிரி நின்றது. அவங்க என்றால் யார்? ஹோட்டல்காரர்கள் எல்லோருமா, அல்லது ஒருத்தியா? வளையல் என்று வேறு சொல்கிறாரே. வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், தான் இதையே நினைத்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்துவிடும். அதனால் கேட்காமலே அவளாக ஒருத்தியைச் செய்துகொண்டாள். மெலிந்த இடுப்பு. தூக்கிக் கட்டிய முடி. அடுப்படியில் நின்றாலும் வேர்க்காத முகம். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சில நாள் அவளுக்குக் கம்மல் போட்டுப் பார்ப்பாள். அழகாக இருப்பது பொறுக்காமல் உடனே கழற்றியும் விடுவாள்.

தையல்காரி வேலை செய்தது ஒரு சலவைக் கடையில். துவைக்க வரும் துணிகளில் கிழிசல் தைப்பது, ஜிப் மாற்றுவது, கால் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது எல்லாம் அவள் வேலை. பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிற அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

“பொம்பளையா ஆம்பளையான்னு கேட்டுத் தொலைய வேண்டியதுதானே?” என்றாள் இஸ்திரி அக்கா.

“கேட்டா பொறாமைன்னு நினைச்சுக்குவாரு.”

“பொறாமை இல்லையா?”

தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள், வாத்தியார் தன் மாணவர்களை லைசென்ஸ் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். திரும்ப நேரமாகும். தையல்காரி இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து எடுத்து உடுத்திக்கொண்டு, முகத்தைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த ஹோட்டலுக்குப் போனாள்.

கூட்டம் அதிகமில்லை. சமையலறையிலிருந்து தட்டுகளை எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தாள். காளான் சூப்பும் பச்சைக் காய்த் தட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

உள்ளே பெண் யாருமே இல்லை. வழுக்கைத் தலையும் தோளில் துண்டுமாக ஒரு பெரிய ஆள் விசிலடித்துக்கொண்டு நின்றிருந்தார். அடுப்பில் வாணலியை வைத்தார். சோப்புக் கட்டி அளவுக்கு வெண்ணெயை வெட்டி அதில் போட்டார். அது உருகி நுரைத்ததும் காளானைக் கொட்டினார். பிறகு ஒரு டப்பாவைக் கவிழ்த்து கிரீம் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். அடுத்து காய்களுக்கு மேலே ஊற்றும் குழம்பைக் கலக்கும்போது அதில் ஒரு கரண்டி நிறையச் சர்க்கரையைப் போட்டு, யோசித்து, இன்னும் அரைக் கரண்டி போட்டார்.

சூப்பு மேஜைக்கு வந்தபோது மேலே இரண்டு பச்சை இலைகள் பவ்யமாக மிதந்தன. தையல்காரி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

நன்றாக இருந்தது. அவர் சொன்ன மாதிரியே கரைந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தியாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இந்த வழுக்கைத் தலையிடம் என்னவென்று சண்டை பிடிப்பது? பொறாமை மட்டும் போகவில்லை. போய் ஒட்டிக்கொள்ள ஒரு முகம் இல்லாமல் அது சூப்பின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எண்ணெய் இல்லைன்னு போர்டு வெச்சிருக்கீங்களே?”

“எண்ணெய் இல்லைம்மா. வெண்ணெய்தான்.” அவர் கேலிக்குச் சொல்லவில்லை. “போர்டு முதலாளி வெச்சது. ஆரம்பத்துல நான் வெறுமனே வேகவெச்சுத்தான் கொடுத்தேன். ஒருத்தர்கூடத் திரும்பி வரல. அப்புறம் இப்படி மாத்தினேன். தட்டுல பார்க்க லேசாத்தானே இருக்கு?”

“உடம்புக்கு முடியாதவங்க யாராவது நம்பிச் சாப்பிட்டா?”

அவர் தலையைச் சொறிந்தார். “கேட்டா தனியாச் செஞ்சு தருவேன். யாரும் கேக்கறதில்லையே. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. இங்க டிரைவிங் ஸ்கூல்ல இருந்து ஒருத்தர் வருவாரு. பிரேக் வாத்தியாருன்னு. கிண்ணத்தை விரலால வழிச்சுச் சாப்பிடுவாரு. எங்க வீட்டுல இந்த ருசி ஜென்மத்துக்கும் வராதுன்னு சொல்லுவாரு. தங்கமான மனுஷன்.”

தையல்காரி மிச்ச சூப்பைக் குடிக்காமல் எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கால் தரையில் படவில்லை. இன்றைக்கு அவரை உட்காரவைத்து, உங்கள் லேசான சாப்பாட்டின் லட்சணம் இதுதான் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும். சோப்புக் கட்டி அளவு வெண்ணெய் என்று கையால் காட்ட வேண்டும். அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். வழியெல்லாம் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள், தட்டிலிருந்த காலிபிளவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டியபடி அவர் சொன்னார்:

“கோவிச்சுக்காத. நீ ஒரு தடவை அந்த ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாரேன். எண்ணெயே இல்லாம எப்படிச் செய்யறாங்கன்னு கொஞ்சம் கத்துக்கலாம்.”

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் அவளுக்கு மறந்தே போனது. இத்தனை வருஷம் இந்தக் கையால் சமைத்துப் போட்டது போய், இப்போது கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

“சரிங்க. கத்துக்கறேன்,” என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து வரும்போது வெண்ணெய் வாங்கி வந்தாள். ஃப்ரிட்ஜில் முட்டைக்கோசுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் சுற்றி வைத்தாள். அன்று காளான் சூப்பு செய்தாள்.

வாத்தியார் முதல் கரண்டியை வாயில் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“என்ன பண்ணின இதுல?”

“ஒண்ணுமில்ல. நிதானமா வதக்கினேன். பொறுமையாச் செஞ்சா எதுவும் வரும்.”

கிண்ணத்தை விரலால் வழித்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். “ஹோட்டல்காரங்க தோத்தாங்க போ!” என்றார். தையல்காரி பாத்திரம் தேய்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஹோட்டல் பக்கமே போகவில்லை. காலையில் அவளே டப்பா கட்டிக் கொடுத்தாள். டப்பா கழுவி வைத்த மாதிரித் திரும்பி வந்தது. டிரைவிங் ஸ்கூல் முழுக்க அவள் சமையல்தான் பேச்சு. கார் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள், எண்ணெயில்லாமல் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்களாம். ஒரு நாள் சமையல்காரரே வாசலில் நிறுத்தி, “என்ன வாத்தியாரே, ஆளையே காணோம்?” என்று கேட்டாராம். அதைக் கேட்ட அன்று முழுக்க தையல்காரி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள்.

ஜெயித்துவிட்டாலும் கை நிற்கவில்லை. நேற்றைவிட இன்று ஒரு வார்த்தை கூடுதலாக வர வேண்டுமென்றால் வெண்ணெயும் கூடுதலாக வேண்டியிருந்தது. கிரீம் வந்தது. பச்சைக் காய்க்கு மேலே ஊற்றுகிற குழம்பில் சர்க்கரை வந்தது.

பிறகு ஒரு நாள் வாத்தியார் யூனிஃபார்ம் பேண்ட்டைப் போட முடியாமல் திணறினார். “இடுப்பு பிடிக்குதே. நீ துவைச்சதுல சுருங்கிடுச்சா?”

“மட்டமான துணி. கொடுங்க, பார்க்கறேன்,” என்றாள்.

சலவைக் கடைக்கு எடுத்துப் போய், பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை வெளியே விட்டு, பழைய தையல் தடம் தெரியாமல் இஸ்திரி போட்டுத் தைத்தாள். ஒரு பேண்ட்டோடு விடவில்லை. அவருடைய எல்லா பேண்ட்டையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனாள். கொஞ்ச நாளில் அவர் கண்ணாடி முன்னால் நின்று இடுப்பில் விரலை விட்டுக் காட்டினார். “பார்த்தியா, தளர்ந்துடுச்சு! இளைச்சுட்டேன்!” அவளும் ஆமாம் என்றாள்.

இஸ்திரி அக்காவின் கண்ணுக்கு மட்டும் தப்பவில்லை. “இது யாரு பேண்ட்டு?”

“ஒரு கஸ்டமரோடது.”

“கஸ்டமரு உன் புருஷன் ஸ்கூல்லயா வேலை பார்க்கறாரு? பாக்கெட்டுல ஸ்கூல் பேரு தெச்சிருக்கே.” அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இடுப்பை நீ பெருசாக்கிடுவ. நெஞ்சுக்குள்ள ஓடுதே ரத்தக் குழாய், அதை யாரு பெருசாக்குவா?”

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே வெண்ணெயை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள். போடாமல்தான் சமைத்தாள். வாத்தியார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? இன்னைக்கு என்னமோ குறையுதே,” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “மத்தியானம் அந்த ஹோட்டலைத் தாண்டி வந்தேன். வாசனை ஆளைத் தூக்குச்சு,” என்றும் சொல்லி வைத்தார்.

மறுநாள் முட்டைக்கோசுக்குப் பின்னாலிருந்து துணிப்பை மறுபடி வெளியே வந்தது.

பரிசோதனைக்குப் போகும் நாள் வந்தது. வாத்தியார் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். வாத்தியாரை எடை மிஷினில் ஏறி நிற்கச் சொன்னார். இறங்கச் சொல்லி, திரும்ப ஏறச் சொன்னார்.

“எல்லாமே ஏறியிருக்கு. முன்னைவிட மோசம். ஹோட்டல்ல சாப்பிடறீங்களா?”

“கிடையவே கிடையாது டாக்டர். விட்டு மாசக்கணக்காச்சு. வீட்டுச் சாப்பாடுதான்.”

டாக்டரம்மா திரும்பித் தையல்காரியைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“அவளைப் பார்க்காதீங்க,” என்றார் வாத்தியார். குரல் ஏறிவிட்டது. “ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டா. எனக்காக அவளும் அதையேதான் சாப்பிடறா. அவளை மாதிரி ஒருத்தி யாருக்கும் கிடைக்கமாட்டா. உங்க மிஷின்லதான் கோளாறு.”

டாக்டரம்மா வாதாடவில்லை. இதயத்துக்கு ஒரு சோதனை எழுதிக் கொடுத்து, உடனே எடுங்கள் என்றார். படி இறங்கும்போது வாத்தியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கியபடியே மிஷினைத் திட்டினார்.

காரில் ஏறி உட்கார்ந்து அவர் சாவியைப் போட்டதும் அவள் சொன்னாள்.

“என்னங்க. மிஷின் சரியாத்தான் இருக்கு.”

“என்னது?”

“நான் வெண்ணெய் போட்டேன்.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “சூப்புலயுமா?”

“சூப்புலதான் அதிகம்.”

“ஏன்டி?”

“அவங்க கைப்பக்குவம், அவங்க கைப்பக்குவம்னு சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தீங்களே. அங்க ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். போய்ப் பார்த்தா ஒரு தடியன். அவன் போடறதும் வெண்ணெய்தான். என் கண்ணால பார்த்தேன்.”

“பார்த்த அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன். போய்க் கத்துக்கோன்னீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திடீரென்று கை தானாகப் பின்னால் போய் பேண்ட் இடுப்பைத் தடவியது. தையலை விரலால் நெருடிப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“நான் இளைச்சுட்டேன்னு ஊர் பூராச் சொல்லிட்டு வந்தேனே,” என்றார். வெண்ணெய் என்றபோது வராத கண்ணீர் அப்போது அவருக்கு வந்துவிட்டது. அவளுக்கும்தான். அவர் தோளைத் தொடப் போனாள். அவர் நகர்ந்துகொண்டார்.

கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தால் மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர் அன்று எதையும் பார்க்காமல் எடுத்தார். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டே போனான்.

இதயச் சோதனையில் பெரிதாக அடைப்பு எதுவும் இல்லை. தப்பித்தீர்கள், ஆனால் இனிமேல் விளையாடாதீர்கள் என்று அனுப்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுத் தையல்காரி நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் வாத்தியார் அவள் சமைத்ததைத் தொடவில்லை. “இனிமே என் தட்டுல என்ன விழுதுன்னு நானே பார்த்துக்கறேன்,” என்று அடுப்படிக்குள் வந்துவிட்டார். முதலில் செய்தது எல்லாம் கரி. குறை சொல்ல வாயைத் திறக்கும் நிலைமையில் அவள் இல்லை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். நேராக அந்த ஹோட்டலுக்குப் போய் சமையல்காரரிடம் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் ஆடிப்போய், கூட்டம் குறைகிற பிற்பகலில் அவரை உள்ளே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எண்ணெயில்லாத சட்டியில் காளானைக் கிளறாமல் விட்டுச் சிவக்கவைப்பது. தக்காளியையும் பூண்டையும் தணலில் சுட்டு அரைப்பது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது. வாத்தியார் வீட்டுக்கு வந்தால், அண்ணன் இப்படிச் சொன்னாரு, அண்ணன் அப்படிச் சொன்னாரு என்று ஒரே புராணம். வாசலில் பச்சைப் பலகைக்குக் கீழே, உடம்புக்கு முடியாதவர்கள் கேட்டால் தனியாகச் செய்து தரப்படும் என்று ஒரு வரி எழுதவைத்ததும் அவர்தானாம்.

தையல்காரி மறுபடி வெந்தாள். எந்த ஆளோடு போட்டி போட்டாளோ அந்த ஆளோடு போய்ச் சேர்ந்துகொண்டார் என்றால் யாரால்தான் தாங்க முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்திருந்தாள். வாத்தியார் சமைத்துப் பரிமாறினார். நாத்தனார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “அண்ணா, உன் கையில இப்படி ஒரு ருசியா! அண்ணி, நீங்க கொடுத்துவெச்சவங்க. ஹோட்டல் எல்லாம் பிச்சை வாங்கணும்.”

“ஆமா,” என்றாள் தையல்காரி.

நாத்தனார் போன பிறகு இரண்டு பேரும் பாத்திரம் கழுவினார்கள். அவள் தேய்த்துக் கொடுக்க அவர் துடைத்து அடுக்கினார். காரில் பேசியதை அதற்குப் பிறகு இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

“எனக்கு வயிறு எரியுது,” என்றாள்.

“நான் காரமே போடலையே.”

“சாப்பிட்டதால இல்ல. அவ உங்களைப் புகழ்ந்ததால.”

அவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, தட்டைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. அவளுக்குக் கோபமாக வந்தது.

“சிரிங்க. நான் வேகவெச்சுப் போட்டப்ப ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்களா?”

“நல்லா இல்லையே!” என்றார் அவர். “நல்லா இல்லைன்னாவது சொல்லியிருக்கணும். சொல்லாம உக்காந்திருந்தது என் தப்பு.”

அவள் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அடுப்பில் இரண்டு சட்டிகள் ஏறின. ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது. இரண்டிலும் வெண்ணெய் கிடையாது. ஒருவர் சட்டியில் என்ன விழுகிறது என்று மற்றவர் பார்த்துக்கொண்டே இருந்தார். செய்து முடித்துப் பாதிப் பாதி மாற்றிக்கொண்டார்கள்.

முதல் நாள் அவருடையதுதான் நன்றாக இருந்தது. தையல்காரி அதை அன்று சொல்லவில்லை. மறுநாள் டப்பா கட்டும்போது, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.